பெட்ரோல் முள் பொய் சொன்னால் எங்கே தேடுவது?

பங்க்கில் ஆயிரம் ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுவிட்டு வண்டியை எடுக்கிறீர்கள். முள் காலி என்று காட்டும் ‘ஈ’யை விட்டு நகரவே இல்லை. முதல் சந்தேகம் பங்க்காரர் மேல் விழும். அப்புறம் குனிந்து, டேங்க் எங்கேயாவது ஒழுகுகிறதா என்று பார்ப்போம். இரண்டும் இல்லை என்று தெரிந்ததும் டேஷ்போர்டில் இரண்டு தட்டு. சில சமயம் முள் எழுந்துகூட நிற்கும். உடனே “மீட்டர் போயிடுச்சு, மாத்திடலாம்” என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். மீட்டரை மாற்றிய பிறகும் முள் பழையபடி படுத்துக்கொள்ளும்போதுதான் வயிறு எரியும்.

முள் இருப்பது ஓரிடம், கோளாறு இருப்பது பெரும்பாலும் வேறிடம். இந்த ஒன்று புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. டேங்க்குக்குள்ளா, முள்ளிலா, இரண்டுக்கும் நடுவே ஓடும் வயரிலா என்று பிரித்துப் பார்க்க ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. அதைச் செய்யாமல் எந்த உதிரிபாகத்தையும் வாங்காதீர்கள். சோதனைக்குத் தேவையானது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர் (வோல்ட், மின்தடை அளக்கும் கருவி), கொஞ்சம் வயர், ஒரு ரெசிஸ்டர், அவ்வளவுதான். ஆனால் சோதனை ஏன் வேலை செய்கிறது என்று தெரிய, இந்த அமைப்பு எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

டேங்க்குக்குள் என்ன இருக்கிறது

பெட்ரோலை அளப்பது டேஷ்போர்டில் இருக்கும் முள் அல்ல. அளக்கிற வேலை முழுக்க டேங்க்குக்குள் நடக்கிறது. ஒரு மெல்லிய கம்பியின் நுனியில் மிதவை இருக்கும். பெட்ரோல் ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். கம்பியின் மறுமுனையில் ஒரு மின்தடைப் பட்டை. அதன்மேல் ஓர் உலோக நாக்கு உரசியபடி நகரும். நாக்கு எந்த இடத்தில் நிற்கிறதோ அதைப் பொறுத்து, மின்சாரம் கடக்க வேண்டிய தடை கூடும் அல்லது குறையும். பழைய ரேடியோவின் வால்யூம் குமிழுக்குள் இருப்பதும் இதே சமாச்சாரம்தான். தேய்ந்த ரேடியோவில் குமிழை ஒரு குறிப்பிட்ட இடத்துக்குத் திருகினால் மட்டும் கரகரவென்று சத்தம் வருமே, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

இந்த அமைப்பு முழுவதையும் சேர்த்து உதிரிபாகக் கடையில் டேங்க் யூனிட் என்றோ ஃப்ளோட் என்றோ கேட்டால் எடுத்துத் தருவார்கள். கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் இது தனியாக, டேங்க்கின் மேலே அல்லது பக்கவாட்டில் நாலைந்து ஸ்க்ரூவில் உட்கார்ந்திருக்கும். பெட்ரோல் பம்ப்பே டேங்க்குக்குள் போய்விட்ட இன்றைய வண்டிகளில் பம்ப், ஃபில்டர், மிதவை எல்லாம் ஒரே கூடாக வரும். முழுக் கூட்டையும் மாற்றச் சொல்லிப் பெரிய பில் போடுவது இதனால்தான். சில மாடல்களுக்கு மிதவைப் பகுதி மட்டும் தனியாகக் கிடைக்கும். கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

பெட்ரோலுக்குள் கரண்ட் ஓடலாமா என்று கேட்கத் தோன்றும். நியாயமான பயம்தான். பெட்ரோல் ஆவி எரிய வேண்டுமானால் அது காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரைதான் கலந்திருக்க வேண்டும். மூடிய டேங்க்குக்குள் ஆவி பொதுவாக இதைவிட அடர்த்தியாக இருக்கும், எரியத் தேவையான காற்று போதாது. தவிர, மிதவை வழியாக ஓடும் மின்சாரம் மிகக் குறைவு. பம்ப்பின் மோட்டாரே பெட்ரோலில் மூழ்கித்தான் சுற்றுகிறது, அதற்குக் குளிர்ச்சி தருவதும் அந்தப் பெட்ரோல்தான். ஆபத்து டேங்க்கைத் திறந்த பிறகுதான். அப்போது ஆவி வெளியே வந்து காற்றோடு சரியான அளவில் கலக்கிறது.

தடை கூடினால் முள் எங்கே போகும்

பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் முதலில் கேஜ் (டேஷ்போர்டில் முள்ளை நகர்த்தும் மீட்டர்) வழியாகப் போகிறது. அங்கிருந்து ஒரு வயர் வண்டியின் அடியில் பின்பக்கம் வரை ஓடி டேங்க் யூனிட்டுக்கு வரும். மின்தடைப் பட்டையைக் கடந்து, எர்த் வழியாக பாடிக்குப் போய், மறுபடி பேட்டரிக்குத் திரும்பும். ஒரே வட்டம். வட்டத்தில் எந்த இடத்தில் தடை கூடினாலும் ஓட்டம் குறையும். ஓட்டத்தைப் பார்த்துத்தான் முள் நகர்கிறது.

ஜப்பானியக் கார்கள் பலவற்றில் டேங்க் நிரம்பியிருக்கும்போது தடை சில ஓம்தான் (ஓம் என்பது தடையின் அலகு) இருக்கும். காலியாகும்போது நூறு ஓமைத் தாண்டும். ஃபோர்டின் பழைய கார்களில் காலி என்றால் 73 ஓம், முழு டேங்க் என்றால் 10 ஓம். அதாவது தடை குறைந்தால் முள் ஏறும். இதற்கு நேர்மாறாகவும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் பழைய அமெரிக்க வண்டிகளில் காலிக்கு 0, முழுசுக்கு 90. ஜெர்மனியின் விடிஓ கேஜ்களில் காலிக்கு 10, முழுசுக்கு 180. ஆகவே எங்கோ ஒரு பழைய கடையிலிருந்து ‘பார்க்க அதே மாதிரி இருக்கு’ என்று ஒரு டேங்க் யூனிட்டை வாங்கி மாட்டினால், டேங்க் நிரம்பியிருக்கும்போது முள் காலி என்று காட்டும் வேடிக்கையும் நடக்கலாம். வண்டியின் சர்வீஸ் மானுவலில் இந்த எண்கள் இருக்கும். முதலில் அதைத் தேடி எடுங்கள்.

இனி கோளாறுக்கு வருவோம். முழு டேங்க்குக்கு 5 ஓம் இருக்க வேண்டிய வண்டி உங்களுடையது என்று வையுங்கள். எர்த் வயர் பாடியோடு சேரும் இடத்தில் துரு ஏறி, அந்தத் துரு மட்டுமே ஒரு 25 ஓம் தடையாகிவிட்டது. டேங்க் யூனிட் சரியாக 5 என்கிறது, ஆனால் கேஜ் உணர்வது 30. முள் முழு டேங்க்கைக் காட்டும் ‘எஃப்’பைத் தொடாமல் நடுவழியில் நின்றுவிடும். அரை டேங்க் இருக்கும்போது கால் டேங்க் என்று காட்டும். டேங்க் யூனிட்டை மாற்றினாலும் இப்படித்தான் காட்டும், கேஜை மாற்றினாலும் இப்படித்தான். துரு அங்கேயே இருக்கிறதே! விடிஓ வகையில் இதே துருவால், இருக்கிற பெட்ரோலைவிட முள் அதிகமாகக் காட்டும். பெட்ரோல் தீர்ந்து வண்டியை நடுவழியில் நிறுத்துவது இந்த வகைதான்.

வயர் முழுவதும் அறுந்துபோனால்? தடை எல்லையற்றதாகிவிடும். தடை குறைந்தால் ஏறும் வண்டியில் முள் ‘ஈ’யில் படுத்துக்கொள்ளும். அதே வயர் எங்காவது உரசித் தோல் போய் பாடியைத் தொட்டுவிட்டால் தடையே இல்லை, முள் எப்போதும் ‘எஃப்’பில். நேர்மாறான வகையில் இந்த இரண்டும் இடம் மாறும்.

கேஜிலும் வகைகள் உண்டு. பழையது, இரண்டு உலோகங்களை ஒட்டிய பட்டையின்மேல் சூடேறும் கம்பி சுற்றியது. கரண்ட் ஓடினால் சூடு, சூட்டில் பட்டை வளைந்து முள்ளைத் தள்ளும். சாவியைத் திருப்பியதும் முள் மெதுவாக, சோம்பல் முறித்தபடி ஏறுகிறதா? உங்களுடையது இந்த வகை. இதற்கு ஒரே சீரான வோல்ட் வேண்டும் என்பதால், அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களில் டேஷ்போர்டுக்குப் பின்னால் 10 வோல்ட் தரும் ஒரு குட்டி ரெகுலேட்டர் இருந்தது. அடுத்தது காந்தச் சுருள் வகை, முள் சட்டென்று எழும். இப்போதைய வண்டிகளில் தடையை ஒரு கம்ப்யூட்டர் படிக்கிறது. பள்ளத்தில் பெட்ரோல் அலையடித்தாலும் முள் ஆடாமல் சராசரி எடுத்து, ஸ்டெப்பர் மோட்டார் வைத்து முள்ளை நகர்த்துகிறது.

முள் ஆடும் விதத்திலேயே பாதி விடை

கருவியைக் கையில் எடுக்கும் முன் இரண்டு மூன்று நாள் முள்ளைக் கவனியுங்கள். எலக்ட்ரீஷியனிடம் போனாலும் இந்த விவரம்தான் அவருக்கு முதலில் வேண்டும்.

பெட்ரோல் முள்ளும் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளும் சேர்ந்தே தப்பு காட்டுகின்றனவா? அப்படியானால் டேங்க் பக்கம் போகவே வேண்டாம். இரண்டுக்கும் பொதுவான ஃப்யூஸ், கிளஸ்டரின் (முள்கள் எல்லாம் சேர்ந்திருக்கும் டேஷ்போர்டுப் பெட்டி) எர்த், பழைய வண்டியானால் அந்த ரெகுலேட்டர், இவற்றில் ஒன்று. ஃப்யூஸைக் கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவுகட்டாதீர்கள். கழற்றி மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள்.

முள் முக்கால் வரை ஒழுங்காக இருந்து, அரைக்கு அருகில் வரும்போது மட்டும் பொத்தென்று விழுந்து, கொஞ்ச தூரம் போனதும் மறுபடி எழுகிறதா? ரேடியோவின் கரகரப்பு இதுதான். மின்தடைப் பட்டையில் அந்த ஒரு இடம் தேய்ந்திருக்கிறது அல்லது அழுக்கு படிந்திருக்கிறது. எப்போதும் இருநூறு ரூபாய்க்கு மட்டும் போட்டு ஓட்டுகிறவர்களின் வண்டியில் நாக்கு வருடக்கணக்காகப் பட்டையின் கீழ்ப் பாதியிலேயே உரசிக்கொண்டிருக்கும். தேய்மானமும் அங்கேதான் இருக்கும்.

எந்த அளவிலும், மேடு பள்ளம் ஏறும்போதெல்லாம் முள் விழுந்து எழுந்தால் பட்டையில் குறை இல்லை. எங்கோ கப்ளர் (வயர்களை இணைக்கும் செருகி) லூசாக இருக்கிறது அல்லது வயர் உள்ளுக்குள் அறுந்து தொட்டும் தொடாமலும் கிடக்கிறது. டேஷ்போர்டைத் தட்டினால் முள் எழுகிறது என்றால் கிளஸ்டரின் பின்னால் இருக்கும் கப்ளரையும் சால்டர்களையும் பாருங்கள். தட்டுவது வைத்தியம் ஆகாது, ஆனால் சோதனையாக அதற்கு மதிப்பு உண்டு.

எனக்கு மிகவும் பிடித்த அறிகுறி ஒன்று இருக்கிறது. இண்டிகேட்டர் போட்டால் அது மினுக்கும் தாளத்துக்கே பெட்ரோல் முள்ளும் துடிக்கும். ஹெட்லைட் போட்டால் கொஞ்சம் இறங்கும். பின்பக்க விளக்குகளும் டேங்க் யூனிட்டும் ஒரே எர்த்தைப் பகிர்ந்துகொண்டு, அந்த எர்த் கெட்டுப்போயிருந்தால் இப்படி ஆகும். இந்தக் காட்சியைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள். உதிரிபாகம் எதுவும் வாங்க வேண்டியதில்லை, ஒரு போல்ட்டும் கொஞ்சம் உப்புத்தாளும் போதும்.

அந்தச் சின்னச் சோதனை

முதலில் டேங்க் யூனிட்டின் கப்ளரைக் கண்டுபிடிக்க வேண்டும். பல கார்களில் பின் சீட்டின் உட்காரும் பகுதியைத் தூக்கினால், கார்பெட்டுக்கு அடியில் ஒரு வட்ட மூடி இருக்கும். அதன் கீழேதான் கப்ளர். சில மாடல்களில் இந்த மூடியே கிடையாது, டேங்க்கைக் கீழே இறக்கினால்தான் கை எட்டும். அப்படிப்பட்ட வண்டியானால் இந்தச் சோதனையை வயரிங் வழியில் வேறு ஒரு கப்ளரில் செய்யலாம், ஆனால் அதற்கு வயரிங் படம் வேண்டும். டேங்க்கை இறக்கும் வேலையை வீட்டு வாசலில் தொடங்காதீர்கள்.

கப்ளரில் பெரும்பாலும் நாலு வயர். தடிமனான இரண்டு பம்ப்புக்கு, மெல்லிய இரண்டு மிதவைக்கு. பம்ப் வயர்களைத் தொடவே வேண்டாம். எது எது என்பதில் சந்தேகம் இருந்தால் வயரிங் படத்தைப் பார்த்து உறுதி செய்யாமல் மேலே போகாதீர்கள். பம்ப் வெளியே இருக்கும் பழைய வண்டியில் ஒற்றை வயர்தான் இருக்கும், எர்த் டேங்க்கின் உடம்பு வழியாகவே போகும்.

ஒரு விதி: எதைக் கழற்றினாலும் மாட்டினாலும் சாவி அணைந்திருக்க வேண்டும். கரண்ட் ஓடும்போது கழற்றினால் அந்த நொடியில் சின்னப் பொறி பறக்கும். பெட்ரோல் வாடை அடிக்கிற இடத்தில் அது போதும். வாடை பலமாக இருந்தால் சோதனையே வேண்டாம், முதலில் ஒழுகலைக் கண்டுபிடியுங்கள்.

சரி. சாவியை அணைத்துவிட்டுக் கப்ளரைக் கழற்றுங்கள். சாவியைப் போட்டு ஒன்றிரண்டு நிமிடம் பொறுங்கள். தடை குறைந்தால் ஏறும் வண்டியில் முள் ‘ஈ’க்கு வர வேண்டும். வராமல் ‘எஃப்’பிலேயே நின்றால் வயர் நடுவில் எங்கோ பாடியைத் தொடுகிறது, அல்லது கேஜ் கெட்டிருக்கிறது.

சாவியை அணையுங்கள். இப்போது வண்டிப் பக்கத்துக் கப்ளரில் மிதவைக்கான இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு 10 ஓம் ரெசிஸ்டரை மாட்டுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் 5 வாட் என்று கேட்டு வாங்கினால் சூட்டைத் தாங்கும். நேரடியாக வயரால் இணைத்துவிடலாமே என்று சிலர் செய்வதுண்டு. பழைய சூடேறும் வகைக் கேஜ் அதில் கருகிப்போகலாம், புதிய வண்டியில் அதைவிட விலை உயர்ந்த பெட்டி ஒன்று மறுமுனையில் இருக்கிறது. ரெசிஸ்டரே பத்திரம். சாவியைப் போடுங்கள். முள் ‘எஃப்’புக்கு அருகில் ஏறினால் கேஜ், ஃப்யூஸ், வயர், எர்த் எல்லாமே நலம். கோளாறு டேங்க்குக்குள். இனி அங்கே மட்டும் தேடினால் போதும்.

ஏறவில்லையா? அடுத்த படி. ரெசிஸ்டரின் ஒரு முனையை மிதவை சிக்னல் வயரிலேயே விட்டுவிட்டு, மறுமுனையைக் கப்ளரின் எர்த்துக்குப் பதிலாக பாடியில் பெயிண்ட் இல்லாத நல்ல உலோகத்தில் தொடுங்கள். இப்போது முள் ஏறினால் எர்த் வயர்தான் குற்றவாளி. இதற்கும் ஏறவில்லை என்றால் சிக்னல் வயர் வழியில் அறுந்திருக்கிறது, இல்லையேல் கேஜ் போயிருக்கிறது. வயரின் இரு முனைக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் அதுவும் தெரிந்துவிடும். தடை கூடினால் ஏறும் வகை வண்டியானால், விடைகளை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

டேங்க் பக்கத்தையும் அப்படியே அளந்துவிடலாம். மல்டிமீட்டரை ஓம் அளவில் 200-க்கு வைத்து, டேங்க்கிலிருந்து வரும் இரண்டு முனைகளில் தொடுங்கள். ஓர் எண் வரும். பக்கத்தில் ஒருவரை நிறுத்தி வண்டியின் பின்பக்கத்தை அமுக்கி அமுக்கி விடச் சொல்லுங்கள். உள்ளே பெட்ரோல் அலையடிக்க, திரையில் எண் கொஞ்சம் ஏறி இறங்கி, ஆட்டம் நின்றதும் பழைய இடத்துக்கே வந்து நின்றால் மிதவை உயிரோடு இருக்கிறது. எண் துளியும் அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் மிதவையின் கை (அந்த மெல்லிய கம்பி) எங்கோ சிக்கியிருக்கிறது அல்லது மிதவை மூழ்கியிருக்கிறது. அசையும்போது நடுநடுவே திரை எண்ணை விட்டுவிட்டு அளவு தாண்டியது என்பதற்கு ‘ஓஎல்’ என்றோ வெறும் 1 என்றோ காட்டினால் நாக்கு பட்டையை விட்டு எழும்புகிறது. மல்டிமீட்டரில் இந்தத் தடுமாற்றத்தை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால், அதற்குமேல் யாரும் உங்களுக்கு மீட்டரை விற்க முடியாது.

எர்த்தைச் சோதிக்க ஓம் அளவு நம்பகமானதல்ல. வோல்ட் அளவில் வைத்து, எல்லாம் மாட்டியிருக்கும் நிலையில், சாவியைப் போட்டு, ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை டேங்க் யூனிட்டின் எர்த் வயரிலும் வையுங்கள். பின் விளக்குகளையும் போடுங்கள். பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று வந்தால் வழியில் துரு இருக்கிறது. எர்த் போல்ட்டைக் கழற்றி, வளையத்தையும் பாடியையும் உலோகம் பளபளக்கும் வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுங்கள். கடற்கரை ஊர்களில் இந்த வேலை சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்ப வரும்.

டேங்க்கைத் திறக்க வேண்டி வந்தால்

இதை முதல்முறை செய்கிறவர் தனியாகச் செய்ய வேண்டாம் என்பேன். மெக்கானிக்கிடமே விடுங்கள், ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிரிலேயே தீப்பற்றும் ஆவியை விடக்கூடியது. நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து பல அடி தள்ளி இருக்கும் தீக்குக்கூடப் போகும். அதனால் திறந்த வெளி, டேங்க்கில் கால்வாசிக்கும் குறைவான பெட்ரோல், பேட்டரியின் மைனஸ் கழற்றியிருப்பது, பக்கத்தில் தீயணைப்பான், இவை இல்லாமல் தொடங்கக் கூடாது. பம்ப் உள்ளே இருக்கும் வண்டியில் குழாயில் 3 முதல் 4 பார் வரை அழுத்தம் இருக்கும். பேட்டரியைக் கழற்றும் முன்பே பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓட விட்டால் அழுத்தம் இறங்கிவிடும். யூனிட்டைப் பிடித்திருக்கும் வளையத்தை இரும்பு ஸ்க்ரூடிரைவர் வைத்துச் சுத்தியால் தட்டுவதை அடிக்கடி பார்க்கிறேன். பொறி பறக்கும் வேலை அது. பித்தளையோ மரக்கட்டையோ வைத்துத் தட்டச் சொல்லுங்கள்.

வெளியே எடுத்ததும் மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே திரவம் தளும்பும் சத்தம் கேட்டால் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்துவிட்டது. முள் எப்போதும் காலி என்று காட்டியதன் காரணம் அதுதான். பித்தளை மிதவையை சால்டர் வைத்து அடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உள்ளே பெட்ரோல் ஆவி அடைத்த சின்ன குண்டுக்குச் சூடு வைப்பதற்குச் சமம். புது மிதவை வாங்குங்கள்.

மிதவை சரி என்றால் கையை மெதுவாக மேலிருந்து கீழ்வரை நகர்த்தியபடி மல்டிமீட்டரைப் பாருங்கள். எண் தாவாமல் சீராக மாற வேண்டும். தாவும் இடத்தில் பட்டையை உற்றுப் பார்த்தால் கறுப்புக் கறையோ, நாக்கு அறுத்த கோடோ தெரியும். கறை என்றால் காண்டாக்ட் கிளீனர் அடித்து மென்மையான துணியால் துடைத்துப் பார்க்கலாம், பல சமயம் சரியாகிவிடும். பட்டையே தேய்ந்திருந்தால் துடைத்துப் பயனில்லை. உப்புத்தாளைப் பட்டையின் பக்கம் கொண்டுபோகவே கூடாது, மிச்சம் இருப்பதையும் உரித்துவிடும். நாக்கு தளர்ந்திருந்தால் விரல் நகத்தால் லேசாக வளைத்து அழுத்தம் கூட்டலாம்.

அந்தக் கறுப்புக் கறை எங்கிருந்து வருகிறது? பல யூனிட்களில் மின்சாரம் தொடும் புள்ளிகள் வெள்ளியால் ஆனவை. வெள்ளிக்கும் கந்தகத்துக்கும் ஆகாது, கறுத்துப்போகும். கறுத்த படலம் மின்சாரத்தை ஒழுங்காகக் கடத்தாது. 2004 மே மாதத்தில் அமெரிக்காவின் லூசியானா, ஃபுளோரிடா பகுதிகளில் ஷெல் பங்க்குகளில் விற்ற பெட்ரோலில் கந்தகம் மிகுந்துபோய், ஏராளமான கார்களில் பெட்ரோல் முள் பழுதானது. விற்பனையை நிறுத்தி, கெட்டுப்போன யூனிட்களுக்கு இழப்பீடும் தர வேண்டி வந்தது. இந்தியாவில் பிஎஸ்-3 என்ற புகை விதி இருந்த காலத்துப் பெட்ரோலில் கந்தகம் பத்து லட்சத்தில் 150 பங்கு வரை இருக்கலாம். பிஎஸ்-4-இல் அது 50 ஆனது, 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6-இல் 10. பழைய வண்டிகளின் யூனிட்டில் தடித்த கறையைப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

திரும்ப மாட்டும்போது ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போடுங்கள். பெட்ரோலில் ஊறிய பழைய வளையம் உப்பியிருக்கும், மறுபடி பள்ளத்தில் சரியாக உட்காராது. பிறகு வண்டிக்குள் நாள் முழுக்க பெட்ரோல் வாடை அடிக்கும். மிதவையின் கையும் டேங்க்கின் சுவரில் இடிக்காத திசையில் இருக்க வேண்டும். டேங்க் அடியில் கல் அடித்து உள்வாங்கியிருந்தால் கை அந்த மேட்டில் முட்டி நிற்கும். அடியில் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கம்ப்யூட்டர் வண்டிகளும், கோளாறே அல்லாதவையும்

புதிய வண்டிகளில் மேலே சொன்ன சோதனைக்கு முன் இன்னொரு சுலப வழி உண்டு. ஸ்டியரிங்கின் கீழே இருக்கும், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு ஸ்கேனரைச் செருகினால், பெட்ரோல் அளவைக் கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் என்று படிக்கிறது என்பதை மொபைலிலேயே பார்க்கலாம். எல்லா வண்டியும் இதைத் தராது. தந்தால், அங்கே சரியான எண் வந்து முள் மட்டும் தப்பாக நின்றால் குற்றம் கிளஸ்டரில், ஸ்டெப்பர் மோட்டாரில். எண்ணே தப்பு என்றால் டேங்க் பக்கம். பின் சக்கரங்களுக்குத் தண்டு போகும் சில வண்டிகளில் டேங்க் குதிரைச் சேணம்போல் இரண்டு மடியாக இருக்கும், இரண்டிலும் ஆளுக்கொரு மிதவை. ஒன்று கெட்டால் முள் பாதிக்கு மேல் ஏறாமலே போகலாம். சிஎன்ஜி காட்டும் முள்ளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கிறது.

கோளாறு என்று நினைத்து வீணாகக் கவலைப்படும் விஷயங்களும் உண்டு. டேங்க்கை நிரப்பிய பின் நூறு கிலோமீட்டர் வரை முள் ‘எஃப்’பை விட்டு அசையாது, அப்புறம் சரசரவென்று இறங்கும். மிதவை டேங்க்கின் உச்சியில் முட்டி நிற்பதாலும், டேங்க் நேரான பெட்டியாக இல்லாமல் சீட்டுக்கும் அச்சுக்கும் இடம் விட்டுக் கோணல்மாணலாக இருப்பதாலும் வருவது அது. முள் பாதியில் இருந்தால் பெட்ரோலும் சரிபாதி என்று அர்த்தமில்லை. சரிவில் நிறுத்தினால் ஏறி இறங்கும். இன்ஜினை அணைக்காமல் ஒன்றிரண்டு லிட்டர் போட்டால் சில வண்டிகளின் கம்ப்யூட்டர் உடனே கண்டுகொள்ளாது, கொஞ்ச தூரம் போன பிறகுதான் முள் நகரும். ‘ஈ’யைத் தொட்ட பிறகும் சில லிட்டர் மிச்சம் வைத்தே தயாரிக்கிறார்கள், ஆனால் அதை நம்பி ஓட்டுவது பம்ப்பின் குளிர்ச்சிக்கு நல்லதல்ல.

பழைய மாடல் வண்டிக்கு டேங்க் யூனிட் கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை ட்ரிப் மீட்டரை வைத்து ஓட்டலாம். டேங்க்கை முழுதாக நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். 35 லிட்டர் டேங்க், ஊருக்குள் 14 கிலோமீட்டர் மைலேஜ் என்றால் முழுக் கணக்கு 490 வரும். போக்குவரத்து நெரிசலையும் ஏசியையும் நினைத்து, 300 காட்டியதும் பங்க்குக்குள் வண்டியை விடுங்கள். அங்கே எத்தனை லிட்டர் பிடித்தது என்று குறித்துக்கொண்டால், அடுத்த முறை இன்னும் எவ்வளவு தூரம் தைரியமாக ஓட்டலாம் என்று தெரிந்துவிடும்.